பானெட்டுக்குள் இடம் மாற்றும் வேலை: எதை முதலில், எதைக் கடைசியில்

பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோவது, கண்ணாடி கழுவும் வாஷர் தொட்டியைச் சக்கரத்தின் மேலிருக்கும் ஃபெண்டருக்குள் ஒளிப்பது, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் புதிய இன்டேக் குழாய்க்கு வழிவிட, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் டப்பாவை நகர்த்துவது என்று, வீட்டில் காரை மாற்றியமைக்கிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வேலைக்கு வந்து சேர்வார்கள். கழற்றுவதும் மாட்டுவதும் பெரிய கஷ்டமில்லை. வரிசை தப்பும்போதுதான் கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றுவிடுகிறது.

நான் பார்த்த புதியவர்களில் பலர் முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பிவிடுகிறார்கள். எதை எங்கே வைப்பது என்ற யோசனை இரண்டாம் நாள்தான் வருகிறது. இங்கே சொல்லும் முறை அதற்குத் தலைகீழ். புதிய இடம் முழுதாகத் தயாராகும்வரை பழைய பொருளில் ஸ்பானரை வைக்கவே கூடாது.

1. அது ஏன் அங்கே இருக்கிறது?

ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கும். தொழிற்சாலையில் மாட்டச் சுலபம் என்பது மட்டுமே காரணமென்றால் தாராளமாக நகர்த்தலாம். ஆனால் பெரும்பாலும் உயரம், சூடு, நீளம், அசைவு ஆகிய நான்கில் ஒன்று பின்னால் இருக்கும்.

கூலண்ட் டப்பா உயரத்தில் இருப்பது காற்று மேலேறி வெளியேறுவதற்கு. ஃபியூஸ் பெட்டி, சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது சூட்டுக்குப் பயந்து. பேட்டரி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருப்பது கேபிள் நீளத்தைக் குறைக்க. இன்ஜினோடு சேர்ந்து ஆடும் பொருளுக்கும் பாடியில் அசையாமல் இருக்கும் பொருளுக்கும் நடுவே எப்போதும் ஒரு வளையும் ஹோஸோ தளர்வான வயரோ இருப்பது இன்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டில் ஆடும் என்பதால்.

நகர்த்த நினைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பதில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பொருளை நகர்த்தும் நேரம் இன்னும் வரவில்லை.

2. கை வைக்கக் கூடாதவை

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், அதன் மேலிருக்கும் ஆயில் டப்பா, ஏ.பி.எஸ். யூனிட், ஸ்டியரிங் தண்டு. பானெட் எவ்வளவு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் இவற்றை விட்டுவிடுங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவை மட்டுமாவது தள்ளி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பெட்ரோல் ஹோஸ் போட்டு இணைப்பதாகத் திட்டம். சாதாரண பெட்ரோல் ஹோஸின் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறிப் புடைத்துப்போகும். பிரேக்குக்கும் பெட்ரோலுக்கும் வேண்டிய ரப்பர் வகைகளே வேறு. இந்த இடத்தில் நடக்கும் தப்பு பெடலை மிதிக்கும்போதுதான் தெரியவரும்.

ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் சின்னதாக ஒரு சென்சார் திருகப்பட்டிருந்தால் அது ஏர்பேக்குக்கான மோதல் சென்சாராக இருக்கலாம். அது பார்க்கும் திசையும் உட்காரும் இடமும் கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. மஞ்சள் உறை போட்ட வயர் எங்கே தெரிந்தாலும் பெரும்பாலும் ஏர்பேக் வயர்தான், ஒதுங்கிவிடுங்கள்.

3. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அந்த மாடலின் வயரிங் படம் முதலில். அது இல்லாமல் வயர் நிறத்தை வைத்து ஊகிப்பது இருட்டில் தேடுவதுதான். மல்ட்டிமீட்டர், தடித்த கேபிளின் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கை அழுத்தும் ஹைட்ராலிக் கிரிம்ப்பர், சிறு வயருக்கான ராட்செட் கிரிம்ப்பர், உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் உறையான ஹீட் ஷ்ரிங்க், துளையின் ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான கிரோமெட் பல அளவில், துரு தடுக்கும் பிரைமர், பூட்டு நட்டுகள், தீயணைப்பான். சுத்தியலால் லக்கை அடித்து நசுக்கி ஒப்பேற்றும் பழக்கம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடலாம். உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும், அங்கேதான் பிறகு சூடு ஏறும்.

காரைத் தொடுமுன் பானெட்டுக்குள் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதியவர்கள் எண்ணிட்ட பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அது எதில் சேரும் என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியோவுக்குக் குறியீட்டு எண் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு அந்த நினைப்பு வந்து பயனில்லை. இந்த மாற்றம் உங்கள் ஊர்ச் சட்டத்துக்கும் இன்சூரன்ஸ் விதிக்கும் ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்வதும் இப்போதுதான்.

4. முதலில் அட்டையில் செய்யுங்கள்

நகர்த்தப் போகும் பொருளின் அதே அளவில் அட்டைப் பெட்டி ஒன்றைச் செய்து புதிய இடத்தில் டேப் போட்டு நிறுத்துங்கள். அரை மணி நேர வேலைதான். தகட்டில் தப்பான துளை போட்டுவிட்டு மூடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

அட்டையின் மேல் களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மெல்ல மூடித் திறங்கள். உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதிலிருந்து மிச்ச இடைவெளி தெரியும். கண்ணால் பார்த்து "இடிக்காது" என்று சொல்வதை நம்பாதீர்கள், பானெட்டின் உட்புற விலா எலும்புகள் ஏமாற்றும்.

ஃபெண்டருக்குள் வைப்பதென்றால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் எங்கே வரும் என்று பாருங்கள். நின்ற காரில் ஒரு கையளவு இடம் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடம் டயருக்குத்தான்.

அப்புறம் இன்ஜின் ஆட்டம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சாயும். இன்ஜினுக்கும் பாடியில் நிற்கும் பொருளுக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. விடுவது என் வழக்கம். மவுன்ட் பழசாக இருந்தால் இன்னும் கூட.

கடைசியாக, அட்டை இருக்கும் நிலையிலேயே எண்ணெய் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஹெட்லைட் பல்பு எல்லாவற்றுக்கும் கை போகிறதா என்று பாருங்கள். பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டிய நிலையை நானே எனக்கு உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன்.

5. பிராக்கெட்டும் துளையும்

முடிந்தவரை காரில் ஏற்கெனவே இருக்கும் துளைகளையும் போல்ட்டுகளையும் பயன்படுத்துங்கள். புதிய துளை போடுவதென்றால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே டிரில். பிரேக் பைப்பும் வயர்க்கட்டும் தகட்டை ஒட்டித்தான் ஓடும்.

துளையின் ஓரத்தைப் பிசிறு எடுத்து, பிரைமர் பூசி, காயவிட்டு, அதன் பிறகு மாட்டுங்கள். அவசரத்தில் இதைத் தாண்டினால் துரு பெயின்ட்டுக்கு அடியில் பரவும்.

மெல்லிய தகட்டில் எடையுள்ள பொருளை நேராகத் திருகினால் அதிர்வில் துளையைச் சுற்றித் தகடு கிழியும். பின்பக்கம் ஒரு தகட்டுத் துண்டு வைத்து எடையைப் பரப்புங்கள்.

6. வாஷர் தொட்டியில் கைப்பழக்கம்

எல்லாவற்றிலும் முதலில் இதைச் செய்யச் சொல்வேன், ஏனென்றால் தப்பினாலும் கண்ணாடி கழுவாது, அவ்வளவுதான். பம்ப் தண்ணீரைத் தள்ளும், உறிஞ்சுவதில் அதற்குப் பலம் இல்லை. ஆகவே பம்ப் தொட்டியின் அடியிலேயே இருக்கட்டும். நிரப்பும் வாய் கைக்கு எட்ட வேண்டும். வேறு நுட்பம் இல்லை.

இதை முடித்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த பொருள். ஒரே வாரக்கடைசியில் நான்கு பொருளையும் மாற்றிவிட்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நான்கில் எது காரணம் என்று சொல்ல யாராலும் முடியாது.

7. பவர் ஸ்டியரிங் எண்ணெய் டப்பா

பம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸ் தடியாகவும் குட்டையாகவும் மடிப்பில்லாமலும் இருக்கட்டும். மெல்லிய நீள ஹோஸ் போட்டால் பம்ப் காற்றை இழுத்து எண்ணெயை நுரைக்க வைக்கும், ஸ்டியரிங் திருப்பும்போது முனகும். எண்ணெய் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும், கூலண்ட் ஹோஸ் எண்ணெயில் ஊறி இளகிப்போகும்.

8. கூலண்ட் டப்பா: இரண்டில் எது?

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வகை உண்டு. அழுத்த மூடி ரேடியேட்டரிலேயே இருந்து, டப்பாவுக்குச் சாதாரண மூடி மட்டும் இருந்தால் அது, சூட்டில் வழியும் கூலண்டைப் பிடித்து வைக்கும் வழிநீர் டப்பா. அழுத்த மூடி டப்பாவின் மேலேயே இருந்தால் டப்பாவும் அழுத்தத்தின் ஒரு பாகம். எந்த வகை என்று தெரியாமல் நகர்த்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

வழிநீர் டப்பாவை ஓரளவு இஷ்டப்படி வைக்கலாம். ரேடியேட்டரிலிருந்து வரும் குழாய் மட்டும் டப்பாவின் அடிவரை போய்த் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இன்ஜின் ஆறும்போது அந்தக் குழாய் வழியாகத்தான் கூலண்ட் திரும்ப உறிஞ்சப்படும். முனை மேலே தொங்கினால் காற்றை உறிஞ்சும். அழகான அலுமினிய டப்பா வாங்கி மாட்டியவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள், ஏனென்றால் சிலவற்றில் உள்குழாயே இருப்பதில்லை.

அழுத்த டப்பாவுக்குச் சலுகை கிடையாது. கூலண்ட் சுற்றும் பாதையில் அதுவே உயரமான இடத்தில் இருக்க வேண்டும். நான் ஒருமுறை இன்டேக் குழாய்க்கு இடம் தேடி இதை ஓர் அரைச்சாண் கீழே இறக்கினேன். மீட்டரில் சூடு சரியாகவே காட்டியது, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது. காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் டப்பாவைவிட உயரமாகிவிட்டதால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூடியின் அழுத்த அளவையும் மாற்றாதீர்கள். 1.1 பார் மூடி இருக்கும் அமைப்பில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். குறைந்த அழுத்த மூடி போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கூடுதல் அழுத்தம் பழைய ஹோஸ்களைச் சோதிக்கும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்: அழுத்தம் இறங்கிய கணத்தில் உள்ளிருப்பது நீராவியாகச் சீறும்.

நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் பிளீட் திருகு இருந்தால் அதில் குமிழி நின்று கூலண்ட் ஒழுகும்வரை திறந்து வையுங்கள். கீழே சிந்தியதை உடனே கழுவுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், அது விஷம்.

9. பேட்டரி டிக்கிக்குப் போகிறது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மற்றவற்றில் தப்பினால் ஒழுகும். இதில் தப்பினால் எரியும்.

கேபிள் தடிமனில் தொடங்குவோம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் நீளம், 50 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் சுமார் 0.34 வோல்ட் இழப்பாகும். அதே நீளம் 25 சதுர மி.மீ. என்றால் இழப்பு இரட்டிப்பு, சுமார் 0.7 வோல்ட். ஸ்டார்ட்டர் முதலில் அசையும் கணத்தில் ஆம்பியர் இதைவிட அதிகம். பழைய கேபிள் முன்னால் அரை மீட்டர்தான் இருந்தது, அதே தடிமனில் நீட்டினால் போதாது. வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிளும் வெளியில் அதே தடிமன்தான், உள்ளே கடத்தும் திறன் குறைவு.

அடுத்து ஃபியூஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பெரிய ஃபியூஸ் ஒன்று கட்டாயம். ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை. அது கேபிளின் மறுமுனையில் இருந்தால் நடுவில் எங்கே உரசிப் பாடியில் பட்டு எர்த் ஆனாலும் கேபிள் பழுத்துச் சிவக்கும், ஃபியூஸ் அசையாது. முன்னால் காரோடு வந்த, மின்சாரம் மிஞ்சினால் உருகி அறும் வயர்த்துண்டான ஃபியூஸிபிள் லிங்க்கையும் கழற்றாதீர்கள். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பக்கமிருந்தும் மின்சாரம் வரும் என்பது நிறையப் பேருக்கு நினைவில் இருப்பதில்லை. பி.எம்.டபிள்யூ போன்ற கம்பெனிகள் பேட்டரியைப் பின்னால் வைத்த கார்களில், மோதல் நேர்ந்தால் பாசிட்டிவ் கேபிளைத் தானே துண்டிக்கும் வெடி முனையைப் பொருத்தின. வீட்டில் நாம் அதைச் செய்ய முடியாது, ஆகவே ஃபியூஸிலாவது சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேபிளின் பாதையை உள்ளே, கதவோரக் கார்ப்பெட்டின் அடியில் எடுப்பது நல்லது. பெட்ரோல் பைப்பும் ஏர்பேக் வயரும் ஓடும் பக்கத்தைத் தவிருங்கள். தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு துளையிலும் கிரோமெட், அரை மீட்டருக்குள் ஒரு கிளிப். "ஒரே ஒரு இடம்தானே" என்று கிரோமெட் போடாமல் விட்ட ஒரு காரின் கேபிளைப் பிறகு பிரித்துப் பார்த்தோம். உறை முக்கால் பாகம் தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் தீதான்.

முன்பக்கம் பழைய பேட்டரி இருந்த இடத்தில் காப்பிட்ட ஓர் இணைப்புத் தூணைப் பொருத்தி, புதிய கேபிளை அதில் முடியுங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றின் பழைய வயர்களும் அங்கேயே வந்து சேரட்டும். இப்படிச் செய்தால் காரின் பழைய வயரிங்கை வெட்ட வேண்டியதில்லை. ஜம்ப் ஸ்டார்ட் செய்யவும் இந்தத் தூணே உதவும். அதற்கு மூடி போட மறக்காதீர்கள்.

மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பான எர்த்துக்கு, டிக்கித் தரையின் மெல்லிய தகடு போதாது. பாடியின் கனமான பகுதியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் பாசிட்டிவ் கேபிளின் அதே தடிமனில் எர்த் கேபிளை முடுக்கி, மேலே பிரைமர் பூசுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் புதுசாகப் போடுங்கள். இதுவரை பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் இன்ஜினுக்கே நேராகப் போயிருக்கும். இனி ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை நைந்திருந்தால் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் போய் அவற்றைக் கருக்கும்.

நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் இருக்கும் கார் என்றால் அதுவும் பேட்டரியோடு பின்னால் போகும், அதன் வயர் நீளும்.

பேட்டரி 15 கிலோ இருக்கும். மோதலில் அது பின்சீட்டுக்குப் பறக்கக் கூடாது. உலோகத் தட்டு, மேலே இறுக்கும் பட்டை, அடியில் தாங்கு தகடு எல்லாம் போல்ட்டில். சாமான் கட்டும் இழுவைப் பட்டையோ தகட்டுத் திருகோ வேண்டாம். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். சாதாரண ஆசிட் பேட்டரி என்றால் மூடிய பெட்டிக்குள் வைத்து, குழாய் வழியாகக் காருக்கு வெளியே அந்த வாயுவை விட வேண்டும். ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏ.ஜி.எம். வகைக்கு மாறினால் ஆசிட் சிந்தாது. அதிலும் மிகைச் சார்ஜில் வாயு வெளியேறும், ஆகவே அதன் குழாய் முனையையும் வெளியே விடுங்கள்.

முன்பக்கத் தூணும் அங்குள்ள வயர் இணைப்புகளும் தவிர மற்ற எல்லாம் தயாரான பிறகுதான் முன்னால் இருக்கும் பேட்டரியைக் கழற்றுவது. நெகட்டிவ் முதலில். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்ட கணமே ஷார்ட். ஏர்பேக் அமைப்பு அடங்க சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

10. வயர்க்கட்டை நீட்டுவது

ஃபியூஸ் பெட்டியையோ இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வையோ நகர்த்தினால் வயர்கள் நீளும். அதே தடிமன், முடிந்தால் அதே நிறம். எல்லா இணைப்புகளையும் ஒரே இடத்தில் போட்டால் கட்டு அங்கே பாம்பு எலியை விழுங்கியதுபோல் புடைக்கும், ஒன்றோடொன்று உரசவும் செய்யும். இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

அதிரும் இடத்தில், அழுத்திப் பிடிக்கும் நல்ல கிரிம்ப், ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரைவிட நிற்கும். சால்டர் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் வயர் ஒடியும்.

இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் வயரை நீட்டாமல் இருக்க முடிந்தால் நீட்டாதீர்கள். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மின் குறுக்கீட்டைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டு உள்ள வயரையே போட்டு, ஷீல்டைத் தொடர்ச்சியாக இணைத்து, முன்பு எந்த முனையில் எர்த் இருந்ததோ அங்கே மட்டும் எர்த் விடுங்கள். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலின் வயரோடு சேர்த்துக் கட்டினால் அதிக சுற்றில் இன்ஜின் திக்கும், காரணம் பிடிபடவே பிடிபடாது.

11. முதல் ஸ்டார்ட்

சாவியைத் திருப்புமுன் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். சுற்றும்போது மல்ட்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தூணில், மற்றது ஸ்டார்ட்டர் மோட்டாரின் தூணில். மீட்டருக்கு நீண்ட வயர் தேவைப்படும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ கிரிம்ப்போ சரியில்லை. அதேபோல் நெகட்டிவ் தூணுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டு அளவையும் எடுக்காமல் "ஸ்டார்ட் ஆகிவிட்டது, சரி" என்று விடுகிறவர்களுக்குக் குளிர்ந்த காலையில் அது தெரியவரும்.

பம்ப் ஃபியூஸைத் திரும்ப மாட்டி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும், அங்கே எண் மாறிக்கொண்டே இருப்பது இயல்பு. சார்ஜ் வருகிறதா என்று சோதிக்க ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழைய பழக்கம் வேண்டாம், ஆல்டர்னேட்டரின் வோல்ட் எகிறி இ.சி.யு. போய்விடும்.

ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காரைச் சும்மா நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு கேபிள் முனையையும், முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய், சூடு பாருங்கள். மற்றதைவிட ஒன்று சுடுகிறது என்றால் அங்கே இணைப்பு தளர்வு. சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் கையையோ சட்டைக் கையையோ கொண்டுபோகாதீர்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும். திரும்பி வந்து இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு கூலண்ட் அளவு, ஹோஸ் கிளாம்ப்புகள், பேட்டரிப் பட்டை, எர்த் போல்ட்டுகள். 100 கிலோமீட்டரில் மறுபடியும் அதே சுற்று. ரப்பரும் புதிய லக்கும் உட்கார்ந்து தளர்வது அந்த இடைவெளியில்தான். ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் தகடுவரை ஒரு கோடு இழுத்துவிட்டால் அடுத்த முறை ஸ்பானர் வேண்டியதில்லை, கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.